காலை ஓட்டப் பாதையில் பறவைக் கணக்கு: தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு முழு வழிகாட்டி

ஏரிக்கரையிலும் கால்வாய்க்கரையிலும் காலையில் ஓடுகிறவர்கள் பலர், வழியில் காணும் பறவைகளை எழுதிவைக்க ஆரம்பித்து மூன்றாவது வாரத்தில் விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் வரிசை தவறுவதுதான் காரணம். முதல் நாளே ஊர்ப் பெரியவரிடம் போய் "முன்னாடி என்னென்ன இருந்துச்சு?" என்று கேட்பார்கள், அல்லது கேமரா வாங்குவார்கள். இன்று என்ன இருக்கிறது என்று தெரியாமல் அன்று என்ன இருந்தது என்று கேட்டால் பதிலை எங்கே பொருத்துவது?

இங்கே சொல்லும் வரிசை இதுதான்: பாதை, நேரம், நிறுத்தம், காது, கண், எழுத்து. இவை கைக்கு வந்து ஒரு பருவமாவது ஓடிய பிறகே பழைய கதை.

1. கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

சட்டைப்பைக்குள் அடங்கும் நோட்டு, பென்சில், இரண்டையும் போட ஒரு பிளாஸ்டிக் உறை. பேனா வேண்டாம். வியர்வை பட்டால் மை பரவி எண்ணிக்கை அழிந்துபோகும்.

கைப்பேசியில் இரண்டு செயலிகள்: பறவைப் பட்டியலை ஏற்ற ஈபேர்ட், குரல் கேட்டுப் பெயர் சொல்ல மெர்லின். இரண்டும் இலவசம். இந்தியப் பறவைகளுக்கான தொகுப்பை வீட்டிலேயே இறக்கிவிடுங்கள். அஞ்செட்டி, பென்னாகரம், சித்தேரி பக்கமெல்லாம் சிக்னலை நம்ப முடியாது.

பைனாகுலர் இருந்தால் எட்டு மடங்கு பெரிதாக்கும் சிறியது போதும். கழுத்தில் தொங்கவிட்டு ஓடினால் நெஞ்சில் அடிக்கும், இடுப்புப் பையில் வையுங்கள். இல்லையென்றாலும் பரவாயில்லை, முதல் இரண்டு மாதம் காதுதான் வேலை செய்யப்போகிறது.

உடை விஷயத்தில் ஒரு முரண் உண்டு. இருட்டில் தார்ச்சாலையில் ஓட ஒளிரும் மேல்சட்டை அவசியம், லாரிக்காரர் கண்ணில் பட்டாக வேண்டும். ஆனால் அதே சட்டையோடு ஏரிக்கரையில் நின்றால் மடையான்கூடப் பக்கத்தில் இறங்காது. மண்பாதையில் இறங்கியதும் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள்.

2. பாதையைத் தேர்ந்தெடுப்பது

மூன்று முதல் நான்கு கிலோமீட்டர் போதும். பத்து கிலோமீட்டர் ஓடுகிறவர்கூட அதில் ஒரு துண்டைத்தான் கணக்குக்கு எடுக்க வேண்டும். நீளம் கூடினால் கடைசிப் பகுதிக்குப் போகும்போது வெயில் ஏறி, பறவைகள் அடங்கிவிடும். அங்கே குறைவாக இருப்பதாகத் தோன்றுவது நேரத்தால் வந்த குறையாக இருக்கும்.

நீளத்தைவிட நிலத்தின் வகை முக்கியம். நம் பக்கத்தில் நான்கைந்து வகை நிலம் ஒரே பாதையில் கிடைப்பது சாதாரணம்: தண்ணீர், மானாவாரிக் கொல்லை, மாந்தோப்பு, புளியமரச் சாலை, பாறைக் கரடு. குறைந்தது மூன்று வகை இருக்கட்டும். கேழ்வரகுக் கொல்லையில் வானம்பாடி இருக்கும், தோப்பில் இருக்காது. தோப்பில் மாங்குயில் வரும், கொல்லையில் வராது. ஒரே வகை நிலத்தில் ஓடினால் அந்த நிலத்தின் பட்டியல்தான் கிடைக்கும், ஊரின் பட்டியல் கிடைக்காது.

கிருஷ்ணகிரி அணையிலிருந்து பிரியும் கால்வாய்களின் கரை நல்ல தொடக்கம், ஒரு பக்கம் நெல், மறுபக்கம் தென்னை. பாரூர் ஏரி, அவதானப்பட்டி ஏரி, தருமபுரியில் இராமாக்காள் ஏரி, அன்னசாகரம் ஏரி ஆகியவற்றின் கரைகளும் நல்லவை. பட்டுப்புழு வளர்க்கும் ஊர் என்றால் மல்பெரித் தோட்டம் ஒன்றைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். புழுவுக்குப் போடும் இலையில் மருந்து பட்டால் புழு செத்துவிடும் என்பதால் அங்கே பூச்சிமருந்து அடிக்கத் தயங்குவார்கள். பூச்சி தின்னும் சிட்டுகளை அங்கே தேடலாம்.

யானை விஷயத்தில் விளையாட வேண்டாம். தேன்கனிக்கோட்டை, தளி, ஜவளகிரி, அஞ்செட்டி, ஓசூரை அடுத்த சானமாவு பக்கங்களில் கேழ்வரகு முற்றும் காலத்தில் யானைக் கூட்டம் கொல்லைக்கு இறங்கும். அங்கே விடிந்த பிறகு, ஊர்க்காரர்களிடம் இரவு நிலவரம் கேட்டுவிட்டுத்தான் ஓட வேண்டும். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழையக் கூடாது. காட்டின் ஓரத்துக் கொல்லைகளே போதும்.

3. நேரமும் திசையும்

"தினமும் ஆறு மணிக்கு" என்று வைத்துக்கொள்வதுதான் அதிகம் பேர் செய்யும் பிழை. நம் பக்கத்தில் ஜூனில் ஆறு மணிக்குச் சற்று முன்பே சூரியன் வந்துவிடும், ஜனவரியில் ஆறே முக்காலை ஒட்டித்தான் வரும். கடிகாரத்தைப் பார்த்து ஓடினால் ஜூனில் வெளிச்சத்திலும் ஜனவரியில் இருட்டிலும் எண்ணியதாக ஆகும். இரண்டையும் ஒப்பிட முடியாது.

சூரிய உதயத்தை வைத்துக் கணக்கிடுங்கள். உதயத்துக்குப் பத்து நிமிடம் கழித்து முதல் நிறுத்தம், ஒன்றரை மணி நேரத்துக்குள் கடைசி நிறுத்தம். தை மாதத்தில் ஓசூர், இராயக்கோட்டை பக்கம் பனி மூடியிருந்தால் பனி விலகும் வரை காத்திருந்து, அதையும் எழுதுங்கள்.

அடுத்தது திசை. பாதை கிழக்கு மேற்காக இருந்தால் கிழக்கு முனையில் தொடங்கி மேற்கே போங்கள். வெளிச்சம் முதுகுப் பக்கம் இருந்தால் முன்னால் இருக்கும் பறவையின் நிறம் தெரியும். எதிர்வெயிலில் கரிச்சானும் கீச்சானும் ஒரே கறுப்பு உருவமாகத்தான் தெரியும். திரும்பி வரும்போது ஓடுங்கள், எண்ணாதீர்கள்.

4. நிறுத்தங்கள்: இந்த முறையின் முதுகெலும்பு

ஓடிக்கொண்டே எண்ண முடியாது. உங்கள் காலடிச் சத்தமும் மூச்சும் சின்னச் சத்தங்களை மறைத்துவிடும். கண் தரையில் குழி இருக்கிறதா என்றுதான் பார்க்கும். ஓடிக்கொண்டே எழுதும் பட்டியலில் மயில், காகம், கொக்கு, மைனா என்று பெரியதும் சத்தமானதும் மட்டும் நிரம்பும். கதிர்க்குருவி இல்லாத ஊராகத் தெரியும்.

அதனால் பாதையில் ஐந்து இடங்களைக் குறியுங்கள். ஒன்றுக்கொன்று 500 மீட்டருக்குக் குறையாத தூரம் வேண்டும், இல்லையென்றால் ஒரே செம்போத்தை இரண்டு இடத்தில் எண்ணிவிடுவீர்கள். ஒவ்வொரு நில வகைக்கும் ஒரு நிறுத்தமாவது வரட்டும்.

அடையாளமாக மரத்தை மட்டும் வைக்காதீர்கள். மதகு, மைல்கல், கோயில் சுவர், பாறை என்று அசையாத ஒன்றைப் பிடியுங்கள். கைப்பேசியில் அந்த இடத்தின் புள்ளியையும் சேமித்துவிடுங்கள்.

நிறுத்தத்துக்கு நூறு மீட்டர் முன்பே ஓட்டத்தை நடையாக்குங்கள். வந்து நின்றதும் ஒரு நிமிடம் சும்மா இருங்கள். மூச்சு அடங்க வேண்டும், உங்களைக் கண்டு ஒதுங்கிய பறவையும் திரும்ப வர வேண்டும். அப்புறம் சரியாக ஐந்து நிமிடம் எண்ணுங்கள். ஆறாவது நிமிடம் ஓர் அழகான பாம்புப் பருந்து வந்தாலும் அது கணக்கில் இல்லை. "கணக்குக்கு வெளியே" என்று தனியாக எழுதலாம். இதைத்தான் யாரும் கடைப்பிடிப்பதில்லை. நல்ல பறவை வந்தால் நேரத்தை நீட்டுவார்கள், வெறிச்சென்று இருந்தால் மூன்றாவது நிமிடமே கிளம்புவார்கள். அப்படிச் செய்தால் நிறுத்தம் வைத்ததே வீண்.

நாய் துரத்தும் இடத்தில் நிறுத்தம் வைக்க வேண்டாம். குலைத்தால் ஓடாமல் நடந்து கடந்துபோங்கள். மாந்தோப்பில் பூ எடுக்கும் தை, மாசியில் மருந்தடிப்பார்கள். டிராக்டரில் தெளிப்பான் தெரிந்தால் அன்றைக்கு அந்த நிறுத்தத்தை விட்டுவிட்டு, "மருந்தடிப்பு, எண்ணவில்லை" என்று எழுதுங்கள்.

5. முதலில் காது

முதல் மாதம் பத்துக் குரல்கள் போதும். ஆட்காட்டி, கௌதாரி, செம்போத்து, குயில், அக்காக்குயில், மயில், கரிச்சான், தவிட்டுக்குருவி, தையல்சிட்டு, செம்மார்புக் குக்குறுவான். இந்தப் பத்தும் தெரிந்தால் விடியற்காலைச் சத்தத்தில் பெரும்பகுதியைப் பெயர் சொல்லிப் பிரித்துவிடலாம்.

குக்குறுவான் செப்புப் பாத்திரத்தைத் தட்டுவதுபோல "டுக், டுக்" என்று ஒரே சீராக அடிக்கும். தலையைத் திருப்பித் திருப்பிக் கூப்பிடுவதால் சத்தம் வேறு வேறு மரத்திலிருந்து வருவதுபோல் இருக்கும். மூன்று என்று எழுதிவிடாதீர்கள். தையல்சிட்டு கட்டைவிரல் அளவுதான், சத்தம் மட்டும் கோழி அளவுப் பறவையுடையது. அக்காக்குயிலின் குரல் படிப்படியாக மேலேறி உச்சத்தில் அறுந்துபோகும்.

மெர்லின் குரல் கேட்டுப் பெயர் சொல்லும். அதை யோசனையாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கரிச்சான் வல்லூறு மாதிரி கத்தும், செயலி வல்லூறு என்றே சொல்லும். திரையில் பெயர் வந்ததற்காக எழுதக் கூடாது. நீங்களும் கேட்டு ஒப்புக்கொண்டால்தான் எழுத வேண்டும்.

குரலை ஒலிபரப்பிப் பறவையை வரவழைப்பது வேண்டாம். கூடு கட்டும் காலத்தில் எதிரி வந்துவிட்டான் என்று அது முட்டையை விட்டு இறங்கி வரும். எண்ணிக்கையும் செயற்கையாகக் கூடும்.

6. கண் ஏமாறும் இடங்கள்

புதியவர்கள் திரும்பத் திரும்பக் குழம்பும் சில ஜோடிகள் உண்டு. இவற்றைத் தீர்த்துக்கொள்ளாமல் அன்று, இன்று ஒப்பீட்டுக்குப் போகக் கூடாது.

பெண் குயில். கறுப்பாக இருக்காது, பழுப்பில் வெள்ளைப் புள்ளி நிறைந்திருக்கும். "புது வகை" என்று படம் அனுப்புகிறவர்களில் பாதிப் பேர் இதைத்தான் அனுப்புகிறார்கள்.

கருஞ்சிட்டும் வண்ணாத்திக்குருவியும். கருஞ்சிட்டு வாலைத் தூக்கினால் அடியில் செங்கல் நிறம் தெரியும், பாறையும் வேலியும் அதன் இடம். வண்ணாத்திக்குருவி கொஞ்சம் பெரியது, இறக்கையில் நீள வெள்ளைப் பட்டை, நிழலான தோட்டத்தில் இருக்கும்.

இரண்டு ஆட்காட்டிகள். தண்ணீர் ஓரம் கத்திக்கொண்டு எழும்புவது பெரும்பாலும் சிவப்பு மூக்கு ஆட்காட்டி. காய்ந்த தரிசில் அமைதியாக நடப்பது மஞ்சள் மூக்கு ஆட்காட்டியாக இருக்கலாம். இரண்டையும் "ஆட்காட்டி" என்று ஒன்றாக எழுதினால், தரிசு வீட்டுமனையாக மாறும்போது மஞ்சள் மூக்குக்காரன் காணாமல் போனதே உங்கள் நோட்டில் தெரியாது.

உழவாரனும் தகைவிலானும். கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருந்தால் தகைவிலான். உழவாரனால் கம்பியில் உட்கார முடியாது. பனைமரத்தைச் சுற்றி மெல்லிய உடலோடு பறந்துகொண்டே இருப்பது பனை உழவாரன்.

வல்லூறும் அக்காக்குயிலும். அக்காக்குயில் உருவத்திலும் பறப்பதிலும் வல்லூறை ஒத்திருக்கும், சின்னப் பறவைகளே பயந்து கத்தும். அலகைப் பாருங்கள். வளைந்த கொக்கி இருந்தால் வல்லூறு.

கடைசியாகக் கழுகு. நம் ஊரில் வானத்தில் வட்டமிடும் எல்லாமே கழுகுதான். கரும்பருந்து, செம்பருந்து, பாம்புப் பருந்து, பிணம் தின்னும் பாறு, எல்லாவற்றுக்கும் ஒரே பெயர். உங்கள் நோட்டில் இந்தச் சொல்லே வரக் கூடாது. எது என்று தெரியவில்லையா, "பெரிய இரைகொல்லி, தெரியவில்லை" என்று எழுதுங்கள். ஒன்பதாவது பகுதியில் இது ஏன் என்று புரியும்.

7. எழுதும் முறை

ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் தனிப் பட்டியல். தேதி, தொடங்கிய நேரம், வானிலை, ஏரியில் தண்ணீர் எவ்வளவு, பக்கத்துக் கொல்லையில் என்ன பயிர், அப்புறம் பறவைகள். தண்ணீரும் பயிரும் எதற்கு என்று கேட்பார்கள். ஏரி வற்றும் மாதத்தில் நத்தைகுத்தி நாரை வந்து குவியும், நிரம்பினால் முக்குளிப்பானும் நாமக்கோழியும். தண்ணீர் அளவு எழுதாத பட்டியலில் இது பறவை கூடியதாகவும் குறைந்ததாகவும் தெரியும்.

"நிறைய" என்று எழுதாதீர்கள். கூட்டம் பெரிதாக இருந்தால் பத்து பத்தாக எண்ணுங்கள். தோராயமான 60 கூட "நிறைய"வைவிட மேல்.

ஈபேர்டில் ஏற்றும்போது ஐந்து நிமிட நிறுத்தத்தை ஓரிடத்தில் நின்று பார்த்தது என்ற வகையில் போடுங்கள். கண்டு, கேட்டு, அடையாளம் தெரிந்த எல்லாவற்றையும் எழுதியிருந்தால் மட்டும் முழுப் பட்டியல் என்று சொல்லுங்கள். காகத்தை விட்டுவிட்டு முழுப் பட்டியல் என்று போடுவது தவறு. முழுப் பட்டியலில் ஒரு பறவை இல்லாவிட்டால், அது அங்கே தென்படவில்லை என்பதும் ஒரு தரவு. இந்த வேலையின் மதிப்பே அதில்தான் இருக்கிறது.

ஓடும்போது இடையில் கண்டது வேறு வகை. உங்கள் நோக்கம் அங்கே ஓட்டம், பறவை தற்செயல். ஈபேர்டிலும் தற்செயல் பதிவு என்றே தனியாக இருக்கிறது. இரண்டையும் கலக்காதீர்கள். ஒருவேளை முழுப் பாதையையும் நடந்தே பார்த்து ஒரே பட்டியலாகப் போட்டால், போன வழியிலேயே திரும்பியிருந்தால் தூரத்தை ஒருமுறை மட்டும் கணக்கிட வேண்டும்.

8. ஆண்டு முழுவதும் எப்போது

மாதம் இரண்டு முறை போதும். தினமும் எண்ணுகிறேன் என்று தொடங்கியவர்கள் தீபாவளிக்குள் நின்றுவிடுகிறார்கள். மற்ற நாட்களில் சும்மா ஓடுங்கள்.

புரட்டாசி, ஐப்பசியில் வலசைப் பறவைகள் வரத் தொடங்கும். தகைவிலான் கம்பியை நிரப்பும், பழுப்புக் கீச்சான் வேலியில் கரகரக்கும், கால்வாய் ஓரத்தில் சாம்பல் வாலாட்டி வரும், தரிசின் மேல் பூனைப்பருந்து தாழப் பறக்கலாம். நிழலடர்ந்த தோப்பில் விடியலிலும் அந்தியிலும் ஆறுமணிக்குருவி இரட்டைச் சீழ்க்கை அடிக்கும். பங்குனி, சித்திரையில் இவை கிளம்பிவிடும். அதனால் ஜனவரிப் பட்டியலை மே மாதப் பட்டியலோடு ஒப்பிட்டு "பாதி அழிந்துவிட்டது" என்று வருந்தக் கூடாது. ஜனவரியை அடுத்த ஜனவரியோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுவதும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. உங்கள் ஐந்து நிறுத்தங்களை அந்த நாட்களில் ஓடினால், உங்கள் எண்களை மற்ற மாவட்டங்களின் எண்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

கோடையில் தரையைப் பார்த்து ஓடுங்கள். ஆட்காட்டியும் வானம்பாடியும் வெறுந்தரையில் முட்டையிடும். ஆட்காட்டி உங்கள் தலைக்கு மேல் கத்திச் சுற்றினால் முட்டையோ குஞ்சோ பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். தேடாமல் விலகிப் போய்விடுங்கள்.

9. பழைய கதையைக் கேட்பது

இப்போதுதான் பெரியவர்களிடம் போக வேண்டும். ஆனால் பறவையைப் பற்றி நேரடியாகக் கேட்கக் கூடாது.

"தாத்தா, முன்னாடி இங்க என்னென்ன பறவை இருந்துச்சு?" என்று கேட்டால் "எல்லாமே இருந்துச்சுப்பா, இப்ப எதுவுமே இல்ல" என்று வரும். பொய்யில்லை, ஆனால் நோட்டில் எழுத ஒன்றும் இல்லை. பறவை என்று ஒருவரும் தனியாக நினைவில் வைத்திருப்பதில்லை. வேலையோடு சேர்த்துத்தான் நினைவு இருக்கும். ஆகவே வேலையைக் கேளுங்கள்.

"கேவுரு கதிர் அடிக்கிறப்ப களத்துக்கு என்ன வரும்?" சிட்டுக்குருவி, புறா, சில்லை எல்லாம் இதில் வந்துவிடும். "எந்தப் பயிருக்குப் பரண் போட்டுக் காவல் இருந்தீங்க?" கம்பும் சோளமும் போட்ட காலத்தில் கிளிக்கும் சோளக்குருவிக்கும் காவல் இருந்தார்கள். அந்தப் பயிர் எப்போது நின்றது என்று தெரிந்தால், அந்தக் கூட்டம் எப்போது வராமல் போயிருக்கும் என்று ஊகிக்கலாம். "கிணத்துக்குள்ள கூடு தொங்குமா?" தூக்கணாங்குருவி கிணற்றின் உட்புறம் சாய்ந்த கிளையிலும், ஓடை ஓரத்து ஈச்சமரத்திலும், பனையிலும் தண்ணீருக்கு மேலாகக் கூடு கட்டும். போர்வெல் போட்ட பிறகு திறந்த கிணறு தூர்ந்தது, அதன் ஓரத்து மரமும் போனது. கிணற்றின் கதையைக் கேட்டாலே குருவியின் கதை வந்துவிடும்.

"செத்த மாட்டை எங்க கொண்டுபோய்ப் போடுவாங்க?" இதை நான் கட்டாயக் கேள்வி என்பேன். கழுகு இருந்ததா என்று கேட்டால் ஆமாம் என்பார்கள், எந்தக் கழுகு என்று தெரியாது. மாட்டைப் போட்ட இடத்தைக் கேட்டால், தோலுரித்த பிறகு என்ன வந்தது, எத்தனை வந்தது, கழுத்தில் முடி இருந்ததா, மொட்டையா என்று பேச்சு தானாகப் போகும். மொட்டைக் கழுத்தோடு கூட்டமாக இறங்கி மாட்டைத் தின்றது என்றால் பாறு. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் வலி மருந்து, அந்த மாட்டைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து, இந்தியாவில் மூன்று பாறு வகைகளில் நூற்றுக்கு 95க்கு மேல் அழித்தது. கால்நடைக்கு அதைப் பயன்படுத்துவது 2006இல் தடை செய்யப்பட்டது. தமிழகத்தில் இன்று பாறு பெரும்பாலும் நீலகிரி அடிவாரத்து மாயாற்றுப் பகுதியோடு சரி. ஆகவே உங்கள் ஊரில் கடைசியாக எப்போது இறங்கியது என்ற ஒரு வரி பெரிய பதிவு.

ஆண்டைக் கேட்டால் யாருக்கும் வராது. நிகழ்ச்சியைக் கேளுங்கள். கரண்ட் வந்ததற்கு முன்னா பின்னா? ஊரில் முதல் போர்வெல் போட்டபோது? மூத்த மகள் கல்யாணத்துக்கு? கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது 2004இல், தருமபுரி சேலத்திலிருந்து பிரிந்தது 1965இல். இந்த இரண்டும் பலருக்கு நினைவிருக்கும். பத்தாண்டு அளவுக்குச் சரியாக வந்தால் போதும்.

படத்தை முதலில் காட்டாதீர்கள். அவர் வாயால் நிறம், அளவு, சத்தம், எங்கே இருந்தது என்று சொன்ன பிறகு நான்கைந்து படம் காட்டுங்கள். அதில் நம் சமவெளியில் இருக்கவே முடியாத ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள், மலை இருவாச்சி மாதிரி. அதற்கும் "இது நிறைய இருந்துச்சு" என்று சொன்னால், மரியாதைக்காகத் தலையாட்டுகிறார் என்று புரிந்துகொண்டு மற்ற பதில்களையும் அதற்கேற்ற எடையில் வையுங்கள்.

ஆடு மேய்ப்பவர்கள், புளி உலுக்குகிறவர்கள், பனை ஏறியவர்கள், காவல் இருந்த பெண்கள், இவர்கள்தான் நல்ல சாட்சிகள். தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகள் இங்கே நிறைய, மயிலை நெமலி என்றோ நவிலு என்றோ சொல்வார்கள். அவர் சொன்ன பெயரை அப்படியே எழுதிவிட்டு வீட்டில் வந்து பொருத்திக்கொள்ளுங்கள். கண்ணி வைத்துக் காடை, கௌதாரி பிடித்த கதையும் வரும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி இப்போது அது குற்றம். கதையை எழுதலாம், சொன்னவர் பெயரை எழுத வேண்டாம்.

வாய்மொழியோடு காகிதத்தையும் பாருங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அடங்கலில் எந்தச் சர்வே எண்ணில் என்ன பயிர் என்று இருக்கும். கூகுள் எர்த்தில் பழைய செயற்கைக்கோள் படங்களைப் பின்னோக்கி நகர்த்தினால் ஏரியும் தோப்பும் மாறியது தெரியும். சாலைப் புளியமரங்களில் எண் எழுதியிருந்தால் அதையும் குறியுங்கள். 41க்கு அடுத்து 46 இருந்தால் நடுவில் நான்கு மரம் போயிருக்கலாம். புள்ளி ஆந்தையும் கிளியும் பனங்காடையும் முதிய மரத்துப் பொந்தில் வாழ்கிறவை. புதிதாக நட்ட கன்றில் பொந்து கிடையாது.

10. அன்றும் இன்றும் பக்கத்தில் வைப்பது

ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். இடப்பக்கம் நிலம் எப்படி மாறியது, வலப்பக்கம் பறவை. நிலத்தின் மாற்றம் எழுதாமல் பறவையின் மாற்றத்தை மட்டும் எழுதினால் காரணத்தை வாட்ஸ்அப்பில் இருந்துதான் எடுப்பீர்கள். சிட்டுக்குருவி குறைந்தது செல்போன் கோபுரத்தால் என்று இன்னும் சொல்கிறார்கள். அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. கூரை வீடும் ஓட்டு வீடும் போய் இடுக்கில்லாத கான்கிரீட் வீடு வந்ததா, களம் போனதா என்று உங்கள் ஊரிலேயே பாருங்கள்.

எல்லாம் குறைந்தது என்ற முடிவோடு உட்காராதீர்கள். மயில் கூடியிருக்கும், நிலக்கடலை விதைத்தவரைக் கேட்டால் கோபத்தோடு சொல்வார். 2023இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கையும் நாடு முழுவதும் மயிலும் குயிலும் கூடியிருப்பதாகச் சொல்கிறது. அதே அறிக்கை பனங்காடை குறைவதாக எச்சரிக்கிறது. உங்கள் ஐந்து நிறுத்தத்தில் பனங்காடையைத் தனியாகக் கவனிக்க இது போதுமான காரணம்.

"இல்லை" என்று எழுதும் முன் யோசியுங்கள். ஆந்தையும் பக்கியும் இரவுப் பறவைகள், காலை ஐந்து நிமிடத்தில் தெரியாததால் இல்லை என்று ஆகாது. அவற்றுக்கு "இந்த முறையில் தெரியாது" என்று எழுதுங்கள். காலையில் கத்தும் கௌதாரி ஒரு முழு ஆண்டு ஒரு நிறுத்தத்திலும் கேட்கவில்லை என்றால், அங்கே "இல்லை" என்று எழுதத் துணியலாம்.

தேதி தெரியாத பழைய நினைவுகளை ஈபேர்டில் ஏற்றாதீர்கள். அவை உங்கள் நோட்டுக்கும் ஊருக்கும். யாரிடமாவது தேதியோடு பழைய புகைப்படமோ குறிப்போ இருந்தால் அதை ஏற்றலாம்.

11. வெளியே சொல்வதும் பாதை மாறுவதும்

பட்டியலைத் தாராளமாகப் பகிருங்கள், கூட்டின் இடத்தைப் பகிராதீர்கள். ஆந்தைப் பொந்து, கிளிக்கூடு, பாறைக் கரட்டில் மஞ்சள் தொண்டைச் சின்னான் கண்ட இடம், இவை கைப்பேசிப் படத்தில் பின்னணியோடு போனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை கேமராக் கூட்டம் வந்து நிற்கும். ஆந்தையையும் கிளியையும் தேடிப் பிடிப்பவர்களும் அதே படத்தைப் பார்ப்பார்கள்.

பாதை ஒருநாள் மாறும். சாலையை அகலப்படுத்துவார்கள், கொல்லை மனையாகும், ஏரியைத் தூர்வாருவார்கள். அப்போது "அங்கே இனி ஒன்றும் வராது" என்று நிறுத்தத்தை நல்ல இடத்துக்கு நகர்த்தத் தோன்றும். நகர்த்தாதீர்கள். மதகோ மைல்கல்லோ பெயர்க்கப்பட்டிருந்தால் சேமித்த புள்ளியை வைத்து அதே இடத்தில் நில்லுங்கள், அதே ஐந்து நிமிடம் எண்ணுங்கள். மூன்று காகம், ஒரு மைனா என்று வந்தாலும் எழுதுங்கள். புது இடம் பிடித்திருந்தால் அதை ஆறாவது நிறுத்தமாகச் சேர்த்து, சேர்த்த தேதியைப் பக்கத்தின் தலையில் போடுங்கள்.